நாலு புறமும் தண்ணீர்

ஸ்ரீரங்கம்
9-2-1960

தங்கை ரெங்கம்மாளுக்கு அண்ணன் மருதை எழுதுவது.

நேற்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆலங்கரை ஆள் ஒருவரைப் பார்த்தேன். தாலுகா ஆபீசிலிருந்து உனக்கு நோட்டீஸ் வந்திருப்பதாகச் சொன்னார். ஆற்றுப் புறம்போக்கில் குடியிருக்கிறாய், ஆடி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம். சொல்லிவிட்டு, "கூடப் பொறந்தவரு நீங்க, ஒரு வார்த்தையை மாத்திச் சொல்லியிருக்கலாமேங்க" என்றார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். மாப்பிள்ளை அம்மாசி போய்ச் சேர்ந்த பிறகு நீ உன் பெயருக்குப் பட்டா கேட்டாய். அந்த இடம் பட்டா நிலமா, ஆற்றைச் சேர்ந்ததா என்று கேள்வி வந்தது. முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் சர்வேக்காரர்கள் அதை அளந்தபோது சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தவன் நான். ஆகவே என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். தாசில்தார் என்னைப் பார்த்து, "பெரியவரே, இது திடலா, இல்லை திட்டா?" என்று கேட்டார். திட்டு என்றேன்.

திடல் என்பது ஊர் நிலத்தோடு ஒட்டி உயர்ந்திருக்கும் மேடு. மனிதன் குடியிருக்க ஏற்றது. திட்டு என்பது ஆறு தன் வயிற்றுக்குள் விட்டுவைத்த மண். நாலு புறமும் ஆற்றுத் தண்ணீர் சுற்றி ஓடும். ஆறு கொடுத்ததை ஆறு எடுத்துக்கொள்ளும். உன் வீடு இருக்கும் இடத்தை நாலு புறமும் தண்ணீர் சுற்றுகிறது. அளந்த அன்றும் சுற்றியது. கேட்டார்கள், சொன்னேன்.

இங்கே ஸ்டேஷன் பக்கம் எனக்கு ஓர் அறை இருக்கிறது. இரண்டு பேர் படுக்கலாம். வருவதானால் எழுது.

மருதை

*

ஆலங்கரை
16-2-1960

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் நீங்கள், இந்தக் கரையில் நான். கடிதம் மட்டும் திருச்சிக்கும் லால்குடிக்கும் சுற்றிவிட்டு நாலு நாள் கழித்து வருகிறது.

விசாரணைக்கு நீங்கள் வந்த விதத்தை நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். குடையை ஊன்றிக்கொண்டு கரையில் நின்றீர்கள். மோர் கொடுத்தனுப்பினேன். சாட்சிக்கு வந்தவன் வழக்குக்காரர் வீட்டில் குடிக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினீர்கள். தாசில்தார் கேட்டார், நீங்கள் சொன்னீர்கள், அவர் எழுதிக்கொண்டார். வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நான் இங்கே வாழ வந்தபோது எனக்கு வயது பதினாறு. அன்று முதல் இது திடல்தான். என்னைத் திடல் வீட்டுக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அடுத்த வயல் அழகம்மாள் சொல்கிறாள்: "ஒங்க அண்ணன் ஊரையே அளந்தவருன்னு சொல்லுவியேக்கா, தங்கச்சி வீட்டை மட்டும் ஆத்துல சேத்து அளந்துட்டாரே!" நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய?

சாட்சி சொல்ல அண்ணன் வருகிறார் என்று தெரிந்த அன்றிலிருந்து கவலை விட்டுத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

உங்கள் அறை உங்களுக்கே இருக்கட்டும்.

ரெங்கம்மாள்

*

ஸ்ரீரங்கம்
23-2-1960

ரெங்கம்மாளுக்கு,

ஊர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. உச்சிப்பிள்ளையார் இருப்பதை ஊரே மலை என்கிறது. அது ஒரே பாறை. பொன்மலையில் மலை என்று சொல்ல இருப்பது ஒரு கரடு, சின்னக் குன்று. வாய்க்கு வந்த பெயரை வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயரையே சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

முப்பத்தொரு வருஷம் சங்கிலி இழுத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போனது போனதுதான். மற்றதெல்லாம் வாசகசாலையில் நானாகப் படித்தது. போன ஊரிலெல்லாம் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் என்ன பெயர் சொல்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினேன். மேடு, திட்டை, திடல், திட்டு, கரடு, பொற்றை, படுகை என்று நூற்றுநாற்பத்தாறு சொல். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் உண்டு. ஒருமுறை அதைப் பெரிய சர்வேயரிடம் காட்டினேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சங்கிலி பிடிக்கிற ஆளுக்கு எதுக்குய்யா இதெல்லாம்? சங்கிலியைப் பிடி" என்றார். பியூன் வரை சிரித்தார்கள். சங்கிலி ஆளாகச் சேர்ந்தேன், சங்கிலி ஆளாகவே வெளியே வந்தேன்.

என் ஆயுளில் ஓர் அதிகாரி என்னிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கு நான் மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாய். முடியாது. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அறை காலியாகத்தான் இருக்கிறது.

மருதை

*

ஆலங்கரை
4-3-1960

அண்ணனுக்கு,

உங்கள் கணக்கு எனக்கு இப்போது நன்றாகப் புரிந்துவிட்டது. நாலு புறமும் ஆற்றுத் தண்ணீர் சுற்றினால் திட்டு, அதில் யாரும் குடியிருக்கக் கூடாது. நீங்கள் இருக்கும் ஊருக்குத் தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம். ரெங்கநாதருக்கு நோட்டீஸ் வந்துவிட்டதா? ஆடிக்குள் காலி செய்கிறாரா, இல்லை அவருக்குச் சாட்சி சொல்ல அண்ணன் யாரும் இல்லையா?

சிரித்தது போதும். இனி நான் சொல்வதைப் படியுங்கள்.

என் வீட்டுக்கு வடக்கே ஓடுவது ஆறு என்றா நினைத்தீர்கள்? இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்கு அடுத்த கோடையில் என் மாமனாரும் உங்கள் மாப்பிள்ளையும் மம்பட்டியால் வெட்டிய வாய்க்கால் அது. வடவயலுக்குப் பாய்ச்சுவதற்காக மேற்கே ஆற்றிலிருந்து வாய் திறந்தார்கள். பாய்ந்தது போக மிச்சம் கிழக்கே மறுபடி ஆற்றில் விழும். நான் மண் சுமந்தேன். காளியாயி அப்போது வயிற்றில் ஐந்து மாதம். வாய்க்கால் வெட்டுவதற்கு முன்னால் எங்கள் வாசலிலிருந்து ஊருக்குக் கால் நனையாமல் போவோம். கோடையில் இன்றைக்கும் போகலாம்.

நீங்கள் அளக்க வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. மூன்று நாள் என் வாசலில் சங்கிலி இழுத்தீர்கள். மூன்று நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நிலத்துக்காரரோடு பேசினால் அளவில் சந்தேகம் வரும் என்பது உங்கள் ஆட்களின் வழக்கம் என்று மாப்பிள்ளை சமாதானம் சொன்னார். "அண்ணே" என்று கூப்பிட்டேன். தலையைத் திருப்பிக்கொண்டீர்கள். "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது ரெங்கு?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தாசில்தாரும் என்னைக் கேட்கவில்லை. அண்ணனே சொல்லிவிட்ட பிறகு தங்கச்சியை எதற்குக் கேட்கப் போகிறார்?

ரெங்கம்மாள்

*

ஸ்ரீரங்கம்
17-4-1960

ரெங்கம்மாளுக்கு,

ஆறு வாரம் பதில் எழுதவில்லை. முதலில் நீ சொன்னதை நான் நம்பவில்லை. நிலத்துக்காரர்கள் எல்லோரும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார்கள். பிறகு, நம்பாமல் இருப்பதற்கு என்னிடம் என்ன ஆதாரம் என்று யோசித்தேன். ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பொன்மலைக்குப் போனேன். அன்று சங்கிலியின் மறு முனையைப் பிடித்தவன் செபஸ்தியான். இப்போது ரயில்வே குவார்ட்டர்ஸில் மகள் ரோசரி வீட்டில் இருக்கிறான். கண் பார்வை மங்கிவிட்டது. ஆலங்கரையில் வடக்கே ஓடியது ஆறா, வாய்க்காலா என்று கேட்டேன்.

"இதைக் கேக்கவா முப்பத்துமூணு வருசம் கழிச்சு வந்தே? வாய்க்கால்தான்யா. கரை செவுரு மாதிரி நின்னுச்சே. மம்பட்டி வெட்டு பல்லு பல்லாத் தெரிஞ்சுது. அன்னைக்கே ஒங்கிட்ட சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"வேற என்ன சொல்லுவே? 'ஆளுங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க, பேசாம முனையைப் பிடி'ன்னே."

அவன் சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால் நான் அப்படிச் சொல்லக்கூடியவன்தான்.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். திட்டு என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள் சரி. அதில் மாற்ற ஒன்றும் இல்லை. அந்தப் பொருள் உன் இடத்துக்குப் பொருந்தவில்லை. இரண்டும் வேறு வேறு. இதை விளக்கி மறு விசாரணைக்கு மனு போட்டிருக்கிறேன். கூப்பிடுவார்கள். வருகிறேன்.

மருதை

*

ஆலங்கரை
3-6-1960

அண்ணனுக்கு,

நேற்று தாலுகா ஆபீசில் உங்களுக்குப் பின்னால், கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாயில் விரலை வைத்துக் காட்டியிருப்பேன்.

வாய்க்காலைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னீர்கள். தாசில்தாரும் தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். நோட்டைத் திறந்தீர்கள். திட்டு, திட்டை, திடல் என்று வாசிக்க ஆரம்பித்தீர்கள். குமாஸ்தா கொட்டாவி விட்டார். அரை மணி நேரம் ஆனது. தாசில்தாருக்குப் பொறுமை போய்விட்டது.

"பெரியவரே, நீங்க முன்னாடி சொன்னது தப்புங்கிறீங்க. அவ்வளவுதானே?"

"நான் சொன்ன சொல்லு தப்பில்லைங்க."

"இருங்க. தப்புங்கிறீங்களா, இல்லைங்கிறீங்களா?"

"சொல்லுக்கு நான் குடுத்த பொருள் சரிங்க. அதை அந்த இடத்துக்கு—"

"சரின்னா சரி. போய்ட்டு வாங்க."

கேஸ் கட்டைக் கட்டி வைத்துவிட்டார். வெளியே வந்து, "புரிஞ்சுக்கிற ஆளில்லை" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனீர்கள். நான் நின்ற இடத்தைத் தாண்டித்தான் போனீர்கள்.

நூற்றுநாற்பத்தாறு சொல் வைத்திருக்கிறீர்கள். தப்பு என்ற சொல் அதில் இல்லையா?

மண்ணச்சநல்லூரிலிருந்து காளியாயி வந்திருக்கிறாள். மருமகன் மில் வேலைக்குப் போய்விட்டால் வீடு காலியாகத்தான் இருக்கிறது, வந்துவிடு என்கிறாள். பாத்திரங்களை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் ஒன்றை எடுத்து வைத்தால் நான் ஒன்றை எடுத்து மறுபடி அடுக்குகிறேன். ஆடி பிறக்க ஆறு வாரம் இருக்கிறது.

ரெங்கம்மாள்

*

ஸ்ரீரங்கம்
11-6-1960

ரெங்கம்மாளுக்கு,

கலெக்டருக்குக் கொடுத்த மனுவின் நகல்:

"ஐயா, ஆலங்கரை ரெங்கம்மாள் குடியிருக்கும் இடம் திடல். அதைத் திட்டு என்று நான் சாட்சி சொன்னது தப்பு. வடக்கே ஓடுவது மனிதர் வெட்டிய வாய்க்கால். என்னோடு அளந்த செபஸ்தியானும் இதில் கையெழுத்திட்டிருக்கிறார். மருதை, சர்வே சங்கிலி ஆள், ஓய்வு."

இதை எழுத ஐந்து நாள் ஆயிற்று. முதல் நாலு நாளும் எழுதியது நீளமாக இருந்தது.

நேரில் போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், "அவ்வளவுதானா பெரியவரே?" என்றார். அவ்வளவுதான் என்றேன். உத்தரவு வரும்வரை உன்னை யாரும் அங்கிருந்து எழுப்பக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறேன். அதையும் இதோடு வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் காட்டு.

மருதை

*

ஆலங்கரை
22-11-1960

அண்ணனுக்கு,

பட்டா வந்தது. என் பெயருக்கே வந்திருக்கிறது. திடல் என்று போட்டிருக்கிறார்கள். அழகம்மாள் அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வேறு எதையாவது தொட்டிருப்பாள்.

நன்றி என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. உங்கள் வாயால் போனது உங்கள் கையால் வந்திருக்கிறது. கூட்டிக் கழித்தால் நான் இருந்த இடத்தில்தான் இருக்கிறேன். நடுவில் பத்து மாதம் போய்விட்டது. அதைப் பற்றி உங்களோடு பேச எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. ஓர் ஆளுக்கு எதற்கு?

ரெங்கம்மாள்

*

ஸ்ரீரங்கம்
14-7-1961

ரெங்கம்மாளுக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத இடம் வைக்காமல் எழுதியிருந்தாய். இப்போது வெள்ளம் வந்ததால் எழுதுகிறேன்.

நாலு நாளாகக் காலையில் கொள்ளிடக் கரைக்குப் போய் மாலையில் திரும்புகிறேன். அக்கரை தெரியவில்லை. மரம் வேரோடு போகிறது. வைக்கோல் போர் அப்படியே போகிறது. உன் ஊர் கிழக்கே இருக்கிறது, அங்கிருந்து இங்கே எதுவும் மிதந்து வராது என்று எனக்குத் தெரியும். இருந்தும் நேற்று ஒரு கூரை போனபோது, உன்னுடையதாக இருக்குமோ என்று பார்த்தேன். பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. உன் வீட்டுக்குக் கூரை ஓடா, கீற்றா என்று எனக்குத் தெரியவில்லை. உன் வாசல் எத்தனை கஜம் என்று இன்றைக்கும் சொல்வேன். தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

லால்குடிக்கு பஸ் ஓடவில்லை. தபால் எப்போது போகும் என்று ஆபீசில் கேட்டால், "போறப்போ போகும் பெரியவரே" என்கிறார்கள். கிடைத்தவுடன் ஒரு கார்டு போடு. விவரம் வேண்டாம். உன் பெயரை எழுதினால் போதும்.

மருதை

*

ஆலங்கரை
30-7-1961

அண்ணனுக்கு,

ஓடு. நாட்டு ஓடு. பாதி சரிந்துவிட்டது, வீடு நிற்கிறது.

ஒன்பது நாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள், வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டேன், கட்டிலோடு தூக்கினார்கள். அழகம்மாள் இப்போது அதை நடித்துக் காட்டி ஊரைச் சிரிக்க வைக்கிறாள்.

திரும்பி வந்து பார்த்தால் வாய்க்கால் இல்லை. மேற்கே திறந்த வாயை ஆறு அகட்டிக்கொண்டு அந்த வழியாகவே புகுந்துவிட்டது. மாமனார் வெட்டியது ஆறு முழம். இப்போது இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரைக்குக் கேட்பதில்லை. வெள்ளம் வடிந்த பிறகும் அங்கே இழுப்பு குறையவில்லை. வடவயலில் பாதி போய்விட்டது. வடக்கே இப்போது ஓடுவது ஆறுதான்.

நீங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது, அண்ணே. சந்தோஷம்தானே?

கோபத்தில் எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்துவிடவில்லை, இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆபீசுக்கு எழுதிவிடாதீர்கள். உண்மை என்று ஒன்று தெரிந்துவிட்டால் உங்களுக்குக் கை நிற்காது. அதற்காகத்தான் பயப்படுகிறேன். ஆற்றுக்குக்கூட இவ்வளவு பயப்படவில்லை.

ரெங்கம்மாள்

*

ஸ்ரீரங்கம்
27-8-1961

ரெங்கம்மாளுக்கு,

நான் எழுதவில்லை. அவர்களே வந்துவிட்டார்கள்.

வெள்ளச் சேதம் பார்க்கும் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் செவ்வாய்க்கிழமை என் அறைக்கு வந்தார். சின்ன வயது, மரியாதையாகப் பேசினார். இருந்த ஒரு நாற்காலியில் என்னையே உட்காரச் சொன்னார். "அந்த ஆலங்கரை இடத்தை ஒரு தடவை திட்டுன்னீங்க, ஒரு தடவை திடல்னீங்க. இப்போ அது என்னங்க பெரியவரே? நீங்க சொன்னா அப்படியே எழுதிக்கிறேன், பரிசல்ல போற வேலை மிச்சம்" என்றார்.

"வடக்கே ஓடுறது வெட்டின வாய்க்கால்ங்க. வெள்ளத்துல கொஞ்சம் அகலமாயிருக்கு. இடம் திடல்தான்" என்றேன்.

"வெள்ளத்துக்கப்புறம் போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

நான் பார்க்கவில்லை. பார்க்காத இடத்தைப் பார்த்தேன் என்று சர்வேயில் இருந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. என்னிடம் வேறு சொத்து இல்லை, அது ஒன்றுதான் இருந்தது. அவர் போன பிறகு நோட்டை எடுத்தேன். திறக்கவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அவரிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். அது இப்போது திட்டு. பட்டாவில் என்ன போட்டிருந்தாலும் திட்டு. இந்த வருஷம் வடக்கே வழி எடுத்துக்கொண்ட ஆறு, அடுத்த முறை நடுவில் எடுக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் காளியாயி வீட்டுக்குப் போய்விடு. இங்கே வந்தாலும் சரி. நீ போகமாட்டாய் என்றும் தெரியும்.

நான் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்காகவாவது வர வேண்டும். இந்த அறையில் இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. வரலாமா என்று எழுது. வேண்டாம் என்றாலும் எழுது.

மருதை

*

ஆலங்கரை
5-9-1961

அண்ணனுக்கு,

வாருங்கள்.

வெள்ளிக்கிழமை வேண்டாம், லால்குடி பஸ்ஸில் கூட்டம் நெரியும். மற்ற நாளில் எப்போது வந்தாலும் நான் இங்கேதான் இருப்பேன். எங்கே போகப் போகிறேன்? மழைக்கு முன்னால் கிளம்புவதைப் பற்றி நேரில் சொல்லுங்கள். மாட்டேன் என்றுதான் சொல்வேன், இருந்தாலும் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து இறங்கி நடந்து வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆள் முங்கும் ஆழம். கரையில் பிச்சமுத்து பரிசல் போடுகிறார். திடலுக்குப் போகணும் என்று அவரிடம் சொல்லுங்கள். வேறு பெயர் எதைச் சொன்னாலும், அப்படி ஓர் இடம் இந்த ஆற்றில் இல்லை என்று சொல்லிவிடுவார். சொல்லி வைத்திருக்கிறேன்.

ரெங்கு